குண்டு கிராமங்களும் ஊசலாடிய மரக்கட்டையும்

கடலூரிலிருந்து ஒரு பிளஸ் ஒன் மாணவி கேட்டிருக்கிறார்: "பீரங்கிக் குண்டு எட்டிய தூரம் வரை வெள்ளைக்காரனுக்குச் சொந்தமாம். அப்படி வந்த ஊர்களை எங்கள் பக்கம் 'குண்டு கிராமங்கள்' என்பார்களாம். தாத்தா சொல்கிறார், நிஜமா? குண்டு எவ்வளவு தூரம் போகும்? பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் நம்பவே முடியாத விடை வருகிறது."

தாத்தா சொன்னது நிஜம்தான். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. நாலா பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு எட்டும் எல்லைக்குள் உள்ள ஊர்களும் சேர்த்தி என்பது பேரம். அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையகமே இங்கே வந்தது. 1752 வரை இருந்தது. கம்பெனிப் படைகளின் தலைமைத் தளபதியாக ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் 1748இல் வந்து இறங்கியதும் இங்கேதான்.

சரி, சூத்திரம். வேகத்தின் வர்க்கத்தை 9.8ஆல் வகுத்தால், 45 டிகிரியில் சுட்ட குண்டு போகும் தூரம். துப்பாக்கிக் குண்டுக்கு நொடிக்கு 500 மீட்டர் என்று போட்டால் 25 கிலோமீட்டர் வருகிறது! தேவனாம்பட்டினத்தில் சுட்டால் புதுச்சேரியைத் தாண்டி விழ வேண்டும். நிஜத்தில் அந்தக் காலத் துப்பாக்கியின் உருண்டைக் குண்டு ஒரு கிலோமீட்டர் அளவிலேயே விழுந்துவிடும். மிச்சத்தைத் தின்றது காற்று.

அதை அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலக் கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட முறையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். கண்ணுக்கே தெரியாமல் பாயும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? கனமான மரக்கட்டையை ஊசல்போலத் தொங்கவிட்டார். குண்டு அதில் புதைந்ததும் இரண்டும் சேர்ந்து பின்னால் போகும். கட்டையின் அடியில் ஒரு ரிப்பன். கட்டை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு ரிப்பன் வெளியே இழுபடும். அதை அளந்தால் போதும், கட்டை நகரத் தொடங்கிய வேகம் கிடைத்துவிடும்.

40 கிராம் குண்டு, 25 கிலோ கட்டை என்று வைத்துக்கொள்வோம். மோதலில் ஆற்றல் கிட்டத்தட்ட முழுவதும் சூடாகவும் மரம் பிளப்பதிலும் போய்விடும்: 5000 ஜூலில் மிஞ்சுவது 8 ஜூல். ஆனால் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு, துளிகூடக் குறையாது. அதனால் 500 மீட்டர் வேகம் 0.8 மீட்டராகச் சுருங்குகிறது. நாம் நடப்பதைவிட மெதுவான வேகம், கண்ணால் பார்க்கலாம்! அப்புறம் ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டார். தூரம் கூடக்கூட வேகம் எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து காற்றின் தடை கிடைத்தது. வேகமான குண்டுக்கு அது குண்டின் எடையைப்போல நூறு மடங்குக்கும் மேல்.

இதே ராபின்ஸ் 1750இல் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக, கோட்டைகளைச் சீரமைக்க இந்தியா வந்தார். காய்ச்சல் கண்டு, 1751 ஜூலை 29 அன்று இறந்தார். இறந்த இடம், பீரங்கிக் குண்டால் எல்லை வகுத்த அதே செயின்ட் டேவிட் கோட்டை. கடலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் உந்தப் பாடத்தை இந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். ஆய்வகத்துக்கு லட்சக்கணக்கில் ஒதுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

போன வாரம் மொட்டைமாடியில் நானே செய்தேன். கொட்டாங்குச்சியில் களிமண் அடைத்து, மொத்தம் அரைக் கிலோ, ஒரு மீட்டர் கயிற்றில் கட்டினேன். 5 கிராம் கோலிக்குண்டை உண்டிவில்லால் பக்கத்திலிருந்து அடித்ததில் ரிப்பன் ஒன்பதரை சென்டிமீட்டர் வந்தது. கணக்குப் போட்டால் நொடிக்கு 30 மீட்டர். முப்பதடி தள்ளி நின்று, அதே அளவு இழுத்து அடித்தேன். எட்டு தடவை தவறியது. ஒன்பதாவது தடவை பட்டபோது ரிப்பன் எட்டரைதான்.