ஆர்சி டிரக் பந்தயம்: ஒரு பிரிவு எப்படி எழுகிறது, எப்படிக் கரைகிறது

அமெரிக்காவின் ஆர்சி, அதாவது ரேடியோவால் இயக்கும் சிறு வண்டிகளின் கிளப் பந்தயங்களில் ஒரு பிரிவின் ஆயுளை, ஓட்டுபவர்கள் நின்று வண்டியை இயக்கும் ஓட்டுநர் மேடைதான் சொல்லும். ஒரு சுற்றில் அதிகபட்சம் 10 பேர் மேடையேறுவார்கள். பத்தும் நிறைந்தால் அந்தப் பிரிவு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஐந்தாறு பேர் என்றால் ஊசலாட்டம். பல கிளப்புகளில் குறைந்தது 3 பேர் பெயர் கொடுக்காவிட்டால் அந்தப் பிரிவு அன்று ஓடாது. வந்தவர்களை வேறொரு பிரிவோடு சேர்த்து ஓடச் சொல்வார்கள். இரண்டு வாரம் இப்படி நடந்தால் மூன்றாவது வாரம் அவர்களும் வண்டியை மாற்றிவிடுவார்கள்.

புதுப் பிரிவுகளைக் கண்டால் கிளப் நடத்துபவர்கள் தயங்குவதற்குக் காரணம் நேரக் கணக்கு. மொத்தம் 60 பதிவுகள் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்தாக 6 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 5 நிமிட ஓட்டமும், வண்டிகளை எடுத்து வைத்து, கவிழ்ந்த வண்டிகளைத் தூக்கிவிடும் ஆட்கள் மாறி நிற்க 3 நிமிடமும் ஆக 8 நிமிடம். ஆறுக்கும் 48 நிமிடம். இரண்டு தகுதிச் சுற்றுகளும் ஓர் இறுதிச் சுற்றும் சேர்த்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே 60 பதிவுகள் 12 பிரிவுகளில் ஐந்தைந்தாகச் சிதறினால் ஒரு முறை ஓட்டி முடிக்கவே 96 நிமிடம். எல்லாம் முடிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வார நாள் இரவில் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுவார்கள். ஆகவே ஒரு பிரிவு வளர்வது பெரும்பாலும் இன்னொன்றின் ஆட்களைக் கொண்டுதான். முப்பது ஆண்டுகளில் டிரக் பிரிவுகளுக்கு நடந்ததெல்லாம் இந்த இடமாற்றமே. எந்த வண்டி ஆட்களை இழுக்கும், எது விரட்டும் என்பதைத் தீர்மானித்தவை பந்தயத்தளத்தின் தரை, வண்டியின் இயற்பியல், பராமரிப்புச் சிரமம் ஆகியவை.

1990களின் தொடக்கத்தில் எழுந்தது ஸ்டேடியம் டிரக். நிஜ வண்டிகளின் உலகில் மிக்கி தாம்சன் 1979இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் அரங்குக்குள் மண் கொட்டி நடத்தத் தொடங்கிய பந்தயங்கள் அப்போது உச்சத்தில் இருந்தன. லோசி நிறுவனத்தின் ஜேஆர்எக்ஸ்-டி, டீம் அசோசியேட்டடின் ஆர்சி10டி ஆகியவை அந்த வண்டிகளின் சாயலில் வந்த 1:10 அளவு டிரக்குகள். உள்ளே இருந்தது பெரும்பாலும் அதே நிறுவனங்களின் இரு சக்கர இயக்க பக்கிதான் (பக்கி என்பது சக்கரங்கள் திறந்த, தாழ்வான மண்தளப் பந்தய வண்டி). கியர்பாக்ஸ், மோட்டார், ஸ்டீயரிங் எல்லாம் பொது. நீளமான சஸ்பென்ஷன் கைகள், பெரிய சக்கரங்கள், சுமார் 330 மில்லிமீட்டர் அகலம் ஆகியவைதான் வேறுபாடு.

அந்த வேறுபாடு போதுமானதாக இருந்தது. அன்றைய தளங்கள் பெரும்பாலும் உதிரி மண். மாலைக்குள் வளைவுகளின் வாயில் குழியும் மேடும் விழுந்துவிடும். பக்கியின் டயர் விட்டம் சுமார் 85 மில்லிமீட்டர், டிரக்கினுடையது சுமார் 100. 20 மில்லிமீட்டர் உயரமுள்ள கூரான மேட்டில் மோதும்போது, தொடும் புள்ளி சக்கரத்தின் அடியிலிருந்து பக்கிக்கு 58 பாகையிலும் டிரக்குக்கு 53 பாகையிலும் இருக்கும். ஐந்து பாகை அற்பமாகத் தெரியலாம். ஆனால் கோணம் குறையக் குறைய வண்டியைப் பின்னோக்கித் தள்ளும் விசை குறைந்து, சக்கரம் மேட்டின் மீது ஏறிப்போகிறது. அதோடு அகலத் தடமும் சேர்ந்ததால் பழகாத கைகளிலும் டிரக் கவிழாமல் ஓடியது.

பக்கியிலிருந்து மோட்டாரை எடுத்து டிரக்கில் போடுபவர்கள் இன்றும் தவறுவது கியரில்தான். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் 18 சதவீதம் கூடும். மோட்டாரின் சுமையும் கூடும். ஸ்பர் கியரை (மோட்டார் சுழற்றும் பெரிய கியரை) மாற்றாமல், பக்கியில் 30 பல் பினியன் (மோட்டார் தண்டின் சிறு கியர்) இருந்திருந்தால் 30 × 85 ÷ 100 = 25.5. ஆக 25 பல்லில் தொடங்க வேண்டும். டிரக்கின் எடையைக் கணக்கில் கொண்டு இன்னும் ஒரு பல் குறைத்தாலும் தவறில்லை. ஐந்து நிமிடம் ஓடி வந்ததும் அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டார் உறையைப் பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனைக் குறைக்க வேண்டும். பிரஷ்லெஸ் மோட்டாரின் ரோட்டரில் இருப்பது நியோடிமியம் காந்தம். அளவுக்கு மீறிச் சூடானால் காந்தத்தன்மை நிரந்தரமாகக் குறையும். அதன் பிறகு மோட்டார் சுழலும், ஆனால் முறுக்கு விசை இருக்காது. அந்தக் குறையைச் சரிக்கட்டப் பெரிய பினியன் போடுபவர் மோட்டாரை மொத்தமாக எரித்துவிடுவார்.

அதே 1990களில் நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் நைட்ரோ எஞ்சின் பொருத்திய 'கேஸ் டிரக்' வந்தது. அசோசியேட்டடின் ஆர்சி10ஜிடி பெயர்பெற்றது. அன்றைய மின்சார வண்டியின் நிக்கல் பேட்டரி ஐந்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். பிரஷ் மோட்டாரில் பிரஷ்கள் உரசும் செப்பு உருளையான கம்யூட்டேட்டரைச் சில ஓட்டங்களுக்கு ஒருமுறை சிறு லேத்தில் கடைந்து, பிரஷ் மாற்ற வேண்டும். கேஸ் டிரக்கில் எரிபொருளை ஊற்றி ஊற்றி அரை மணி நேரம்கூட ஓட்டலாம். ஆனால் அதற்கு வேறு வகையில் ஆள்பலம் வேண்டும். எரிபொருள் ஊற்ற ஓர் உதவியாளர் இல்லாமல் நீண்ட பந்தயம் ஓட முடியாது. எரிபொருள் கலவையைத் தீர்மானிக்கும் ஊசி வால்வைக் காலையில் சரியாக வைத்தாலும், வெயில் ஏறியதும் பொருந்தாது. எட்டில் ஒரு பங்கு திருகல் கூடினாலோ குறைந்தாலோ எஞ்சின் திணறும் அல்லது கலவை வறண்டு அதிகமாகச் சூடாகும். பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் (லைப்போ) பேட்டரியும் 2000களின் பிற்பாதியில் பந்தயத்துக்குள் வந்ததும், கேஸ் டிரக் தந்த இரண்டு வசதிகளும் சத்தமும் புகையும் இல்லாமலே கிடைத்துவிட்டன. நைட்ரோவை விட மனமில்லாதவர்கள் 1:8 டிரகிக்குப் போனார்கள். டிராக்சாஸ் டி-மேக்ஸ் 1999இல் கிளப்பிவிட்ட நான்கு சக்கர மான்ஸ்டர் டிரக் மோகம் பந்தயத்துக்காகத் தாழ்ந்து மெலிந்து போய் நின்ற இடம் அது. பெரிய வெளித்தளம் வேண்டும் என்பதால் டிரகி எல்லா ஊர்களிலும் பரவவில்லை. தளம் இருக்கும் இடங்களில் இன்றும் ஓடுகிறது, இப்போது 4 செல் லைப்போவுடன்.

பிறகு 2008இல் டிராக்சாஸ் ஸ்லாஷ் வந்தது. CORR எனப்பட்ட குறுந்தட (ஷார்ட் கோர்ஸ்) ஆஃப்ரோடு தொடரில் ஓடிய புரோ-2 டிரக்குகளின் மாதிரி. பெட்டியைத் திறந்தால் ரேடியோவும் மோட்டாரும் பொருத்தித் தயாராக இருக்கும் வண்டி. 568 மில்லிமீட்டர் நீளம், 296 அகலம், 2 கிலோவுக்கு மேல் எடை. சக்கரங்களை மூடிய பாடியும் முன்னும் பின்னும் முழு பம்பரும் இருந்ததால் உரசினாலும் இடித்தாலும் ஓட்டம் நிற்கவில்லை. திறந்த சக்கர பக்கியில் சக்கரத்தோடு சக்கரம் சிக்கினால் சஸ்பென்ஷன் கை உடையும். இங்கே பாடியில் கீறல் விழும், அவ்வளவுதான். பத்து ஸ்லாஷ்கள் ஒரே வேகத்தில் முட்டிமோதி ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஆண்டுக்கணக்கில் பந்தயம் ஓட்டியவர்களும் வாங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், எந்தத் தொடரைப் பார்த்து வண்டி செய்தார்களோ அந்தத் தொடர் அதே 2008 இறுதியோடு மூடப்பட்டது. ஆர்சி பிரிவு அதைச் சட்டைசெய்யவே இல்லை.

அந்த மூடிய பாடியே பிரிவின் பெரிய தலைவலியும் ஆனது. குதிப்பு மேட்டிலிருந்து மூக்கு தூக்கிப் பறந்தால், காற்று பாடிக்குள் புகுந்து, எதிர்க்காற்றில் விரித்த குடை போல வண்டியைப் பின்னுக்குச் சாய்க்கும். எவ்வளவு விசை என்று கணக்கிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 13.9 மீட்டர். அந்த வேகத்தில் காற்றழுத்தம் சுமார் 116 பாஸ்கல். வண்டியின் அடிப்பரப்பு 0.56 × 0.29, அதாவது சுமார் 0.16 சதுர மீட்டர். வண்டி செங்குத்தாக எழுந்து அடிப்பக்கம் முழுவதும் காற்றுக்கு முகம் கொடுத்தால், விசை ஏறக்குறைய 19 நியூட்டன். அதாவது கிட்டத்தட்ட 1.9 கிலோ எடைக்குச் சமம். வண்டியின் எடையே 2 கிலோ சொச்சம்தான். 40 கிலோமீட்டரில் இது 1.2 கிலோவாகக் குறைகிறது. வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், மெதுவான ஸ்லாஷில் தாங்கக்கூடியதாக இருந்தது வேகமான மோட்டார் போட்டதும் தாங்க முடியாததாகிறது.

மருந்து இரண்டு. ஒன்று, பாடியின் பின்பகுதியிலும் பின் பம்பரிலும் விதி அனுமதிக்கும் அளவுக்குத் துளை வெட்டிக் காற்றுக்கு வழி விடுவது. லெக்சன் (பாலிகார்பனேட் பிளாஸ்டிக்) பாடியில் துளையின் மூலைகளைக் கூராக வெட்டினால் அங்கிருந்தே கிழியும். முதலில் மூலைகளில் ரீமரால் வட்டத் துளை இட்டு, பிறகு அவற்றை இணைத்து வெட்ட வேண்டும். இன்னொன்று விரலில் இருக்கிறது: பறக்கும்போது பிரேக் தொட்டால் சுழலும் பின் சக்கரங்கள் நின்று, அவற்றின் கோண உந்தம் வண்டிக்கு மாறி மூக்கு தாழும்; த்ராட்டில் கொடுத்தால் மூக்கு எழும். சக்கரத்தின் சுழல் நிலைமம் ஆரத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், பக்கி டயரைவிட டிரக் டயர் ஒரே எடையிலும் 38 சதவீதம் அதிகம் வேலை செய்யும். ஆனால் மேட்டை விட்டெழும் கணத்தில் த்ராட்டிலை முழுக்க விட்டுவிட்டால் மூக்கு குத்தும் என்பதையும் சேர்த்தே பழக வேண்டும்.

ஷார்ட் கோர்ஸைக் கீழிறக்கியது இந்தக் காற்று மட்டும் இல்லை. 2009 முதல் அசோசியேட்டட் எஸ்சி10 தொடங்கி லோசி, கியோஷோ, டெக்னோ வரை எல்லோரும் பந்தயத்துக்கென்றே டிரக் செய்தார்கள். மலிவு என்பதற்காக வந்தவர் இப்போது பக்கிக்கு ஆகும் அதே செலவில், பக்கியைவிடக் கனமான, கையாளக் கடினமான வண்டியை வைத்திருந்தார். பிறகு நான்கு சக்கர இயக்க வண்டிகள் தனிப் பிரிவாயின. இரு சக்கரம் ஸ்டாக் (வேகம் வரையறுத்த மோட்டார்), இரு சக்கரம் மாடிஃபைடு (வரையறை இல்லாத மோட்டார்), நான்கு சக்கரம் என ஒரே கூட்டம் மூன்றாக உடைந்தது. முதலில் சொன்ன நேரக் கணக்கு அதன்பின் தன் வேலையைச் செய்தது.

ஸ்டாக் பிரிவின் பொருளே அப்போது கெட்டுப்போயிருந்தது. 2010ஐ ஒட்டி வந்த ஸ்பீடு கன்ட்ரோலர்கள், வேகம் ஏறஏற மோட்டாரின் டைமிங்கை, அதாவது சுருளுக்கு மின்சாரம் பாயும் கணத்தை, மென்பொருளால் முன்னே நகர்த்தின. 17.5 சுற்று மோட்டார் (எண் கம்பிச் சுருளின் சுற்றுகளைக் குறிக்கும்; கூடினால் வேகம் குறையும்) மாடிஃபைடு போலப் பறந்தது. புதிதாக வந்தவர் நேர் தடத்திலேயே பின்தங்கினார். கன்ட்ரோலரில் டைமிங் பூஜ்யமாக இருக்க வேண்டும், அதைக் காட்ட அதன் விளக்கு மினுக்க வேண்டும் என்ற 'பிளிங்கி' விதி வந்த பிறகே அது அடங்கியது. பரிசோதகர் மேடைக்குக் கீழே குனிந்து விளக்கைப் பார்ப்பது இன்றைக்கும் வழக்கம்.

2010களின் நடுவில் உள்ளரங்கத் தளங்கள் மண்ணை விட்டுக் கம்பளத்துக்கும் செயற்கைப் புல்லுக்கும் மாறத் தொடங்கின. தூசு இல்லை, தண்ணீர் தெளிக்க வேண்டாம், டயரும் பல வாரம் வரும். ஆனால் பிடிப்பு மிக அதிகம். டயர் வழுக்க மறுத்தால், வளைவில் பக்கவாட்டு விசை முழுவதும் வண்டியைக் கவிழ்க்கும் திருப்பு விசையாகிறது. உயரமான டயரும் கனமான பாடியும் கொண்ட ஷார்ட் கோர்ஸுக்கு இது மோசம். முன் டயர்களின் வெளிப் பக்கச்சுவரில் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகப் பூசிக் காயவிடுவார்கள். வண்டி சாயும்போது ரப்பருக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற அந்தப் படலம் தரையைத் தொட்டு வழுக்கிவிடும். ஓடும் பரப்பில் பசை படாமல் இருக்க வேண்டும்; பட்டால் வண்டி திரும்பவே திரும்பாது. மோட்டாரை நடுவில் வைத்த, தாழ்வான புது ஸ்டேடியம் டிரக்குகள் கம்பளத்தில் இதைவிட நன்றாகவே நின்றன. அவற்றில் பெரும்பாலான பாகங்கள் மறுபடியும் பக்கியோடு பொது என்பதால், கைவிடப்பட்ட அந்தப் பிரிவு பல தளங்களில் 13.5, 17.5 மோட்டார்களோடு திரும்பி வந்தது. கூட்டம் 1990களைப் போல இல்லை. அதைத் திரும்பிவந்த புகழ் என்று சொல்வது மிகை.

உண்மையான கூட்டத்தை இன்று பல கிளப்புகளில் 'ஸ்பெக் ஸ்லாஷ்' சேர்க்கிறது: கடையில் வாங்கிய வண்டி, அதன் டைட்டன் 12டி பிரஷ் மோட்டார், எக்ஸ்எல்-5 கன்ட்ரோலர், ஒரே டயர், 2 செல் லைப்போ. ஓட்டத்துக்கு முன் பரிசோதனையில் பேட்டரி 8.40 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எக்ஸ்எல்-5இன் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று ஓட்டுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு என்றால் குறைமின்னழுத்தப் பாதுகாப்பு அணைந்திருக்கிறது, லைப்போ அளவுக்கு மீறி வடிந்து உப்பிவிடும். அதிர்ச்சியில் வழுக்கிக்கொடுத்துக் கியர்களைக் காக்கும் ஸ்லிப்பர் கிளட்சின் நட்டை ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்வரை இறுக்கி, அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரை தளர்த்த வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் ஸ்பர் கியர் உருகும், இறுகலாக விட்டால் குதித்து இறங்கும் அதிர்ச்சி நேராகக் கியர்பாக்ஸுக்குள் போகும். சச்சரவு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பேட்டரியைத் தாழ்த்தும் எல்சிஜி சேசிஸை அனுமதிப்பதா என்பது ஒன்று. அனுமதித்தால் அது இல்லாதவர் இன்னொரு செலவு செய்தாக வேண்டும். மற்றொன்று மோட்டார். ஒரே பெயர்கொண்ட மலிவு மோட்டார்களிலும் ஒன்று மற்றொன்றைவிடச் சற்று வேகமாக இருக்கும். ஐந்தாறு வாங்கிச் சோதித்து நல்லதைப் பொருத்துபவர்கள் உண்டு. இதைத் தடுக்கச் சில இடங்களில் பந்தயத்தன்று மோட்டார்களைக் கிளப்பே ஒரு பெட்டியில் வைத்துக் குலுக்கல் முறையில் கொடுத்து, இறுதிச் சுற்று முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது.