திரிப்பும் தேறுதலும்

‘கேஸ்லைட்டிங்’ என்ற சொல் இப்போது வேலூர்ப் பக்கமும் காதில் விழுகிறது. வெறும் பொய்க்கு அந்தப் பேர் பொருந்தாது. நடந்ததை நடக்கவே இல்லை என்று சொல்லிச் சொல்லி, ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகப்பட வைப்பதுதான் அது.

1938இல் இங்கிலாந்தில் மேடையேறிய பாட்ரிக் ஹாமில்டனின் நாடகத்திலிருந்து வந்த சொல். கணவன் மேல்மாடியில் திருட்டுத்தனமாக நகை தேட விளக்கேற்றுவான். கீழே கேஸ் விளக்கு மங்கும். எல்லாம் தன் பிரமையோ என்று மனைவி மருகுவாள். 1944இல் வந்த ஹாலிவுட் படம் அந்தக் கதையை எங்கும் கொண்டுபோனது.

காட்பாடியில் எனக்கு வேண்டிய ஓர் அக்கா. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது கணவரோடு போய்ப் பார்த்தார். திரும்பும் வழியில் அவருடைய இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. பிறகு கேட்டால், “நாம எப்ப போனோம்? கனவு கினவு கண்டியா? வளையல நீதான் எங்கியோ தொலைச்சிட்ட.” ஒரு வருஷம் இதையே கேட்டதில் ஆற்றைப் பார்த்தோமா என்பதே அக்காவுக்குச் சந்தேகமாகிவிட்டது. குழம்பில் உப்பு சரியா என்றுகூட நாலு பேரைக் கேட்பார். அன்றைக்கே தம்பிக்கு அனுப்பிய படம் ஒன்று பின்னால் கிடைத்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் அவர் கை, கையில் அந்த வளையல்கள், கீழே செந்தண்ணீர்.

இதைத் தமிழில் ‘எரிவாயு விளக்கு’ என்றால் யாருக்கும் புரியாது. நான் ‘நினைவுத் திரிப்பு’ என்பேன். பால் தானாகத் திரியும். கயிற்றை ஒருவர் திரிக்க வேண்டும். நினைவு தானே தடுமாறினால் திரிபு, இன்னொருவர் செய்தால் திரிப்பு. கதை கட்டுகிறவனைக் கயிறு திரிக்கிறான் என்றுதானே சொல்கிறோம்! விளக்குக்குப் போடும் திரியும் திரித்த நூல்தான்.

சரி, அதிலிருந்து மீள்வதற்கு? ‘தேறுதல்’ இருக்கிறது. “உடம்பு தேறிச்சா?” என்று கேட்கிறோம். குறளில் அதே சொல் நம்புதல் என்ற பொருளில் வருகிறது: ‘தேறற்க யாரையும் தேராது’, ஆராயாமல் யாரையும் நம்பாதே. குணமாவதும் நம்புவதும் ஒரே சொல்லில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனரீதியான கொடுமையையும் வன்முறையாகவே கொள்கிறது; பெண்கள் உதவிக்கு 181 இருக்கிறது. அக்கா தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் அன்றன்று நடந்ததை எழுதிவைக்கிறார். போன வாரம் போயிருந்தேன். குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை, அடுப்பை அணைத்தார்.