எல்லோரும் போட்டால் சமமாகிவிடுமா?

ஊக்கமருந்து விவகாரம் வெடிக்கும்போதெல்லாம் ரசிகர்கள் மத்தியில் தவறாமல் ஒரு குரல் எழும்: "எல்லாரும்தான் போடுறாங்க, அப்புறம் என்ன? போட்டவங்களுக்குள்ள யார் கெட்டிக்காரனோ அவன் ஜெயிச்சான், விடுங்க." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒழுக்கம், நேர்மை, விளையாட்டின் மாண்பு என்று பேசி இதை மறுக்கப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் எடுபடுவதில்லை. ஆனால் இந்த வாதத்தில் இருக்கும் ஓட்டைக்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை, அது உடம்பு வேலைசெய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரே மருந்து எல்லா உடம்புக்கும் ஒரே லாபத்தைத் தருவதில்லை.

இதற்கு நல்ல உதாரணம் ரத்தம்தான். மாரத்தான், நெடுந்தூர சைக்கிள் பந்தயம், பனிச்சறுக்கு ஓட்டம் மாதிரியான போட்டிகளில் ஒருவர் எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார் என்பது, அவருடைய தசைகளுக்கு நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் போய்ச் சேர்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். சிவப்பணு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது, கொஞ்சம் வியப்பாக இருக்கலாம், சிறுநீரகம். தன்னிடம் வரும் ஆக்சிஜன் குறைந்தால் அது எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும், சுருக்கமாக ஈபிஓ. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டும். ஆக்சிஜன் போதுமான அளவுக்கு வந்ததும் சுரப்பு தானாகக் குறைந்துவிடும். உயரமான மலைப்பகுதியில் போய்த் தங்கிப் பயிற்சி எடுப்பதும் இதே வழியில்தான் பலன் தருகிறது, ஆனால் அங்கே பிரேக் உடம்பின் கையிலேயே இருக்கிறது. ஈபிஓவை ஊசியாகப் போட்டுக்கொண்டால் அந்தப் பிரேக் கிடையாது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த ஹார்மோன் போதுமான அளவு சுரக்காமல் கடுமையான ரத்தசோகை வரும். அவர்களுக்காகத் தயாரித்த செயற்கை ஈபிஓ 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அருமையான மருந்து, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் அவஸ்தையிலிருந்து எத்தனையோ பேரை மீட்டது. சைக்கிள் பந்தய உலகமும் சீக்கிரமே அதை மோப்பம் பிடித்துவிட்டது. உடம்பே சுரக்கும் ஹார்மோனின் நகல் என்பதால் அதைக் கண்டுபிடிக்க அப்போது பரிசோதனையே இல்லை. முதல் பரிசோதனை 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு 1998-ஐப் பார்த்தால் போதும். டூர் டி பிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் பந்தயம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, அதில் ஓட்டவிருந்த ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் காரில் நூற்றுக்கணக்கான டோஸ் மருந்துகளோடு பிரான்ஸ்-பெல்ஜியம் எல்லையில் பிடிபட்டார்.

பரிசோதனை இல்லையே, என்ன செய்வது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 1997-இல் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. ரத்தத்தின் மொத்தக் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று ஒரு எண் உண்டு, ஹீமட்டோக்ரிட் என்பார்கள். ஆண்களுக்குப் பொதுவாக 40-லிருந்து 50 சதவீதம் வரை இருக்கும். அது 50-ஐத் தாண்டினால் பந்தயத்தில் ஓட்டக்கூடாது என்று விதி போட்டார்கள். ஊக்கமருந்து என்று குற்றம் சாட்டமாட்டார்கள், "உடல்நலம் கருதி ஓய்வு" என்பார்கள். 1999-இல் ஜீரோ டி இத்தாலியா என்ற இத்தாலியின் பெரிய சைக்கிள் பந்தயத்தில் ஏறக்குறைய ஜெயித்தேவிட்ட நிலையில் வீரர் மார்கோ பன்டானி வெளியேற்றப்பட்டது இந்த விதியால்தான்.

இப்போது அந்த "எல்லோரும் சமம்" கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இயற்கையிலேயே 48 உள்ள ஒருவர், 42 உள்ள இன்னொருவர், இருவருமே ஈபிஓ போட்டு 50-க்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்குச் சிவப்பணு விகிதம் கூடியது சுமார் 4 சதவீதம், இரண்டாவது ஆளுக்கு 19 சதவீதம். மருந்து இல்லாத உலகத்தில் முதல் ஆளுக்கு இருந்த அனுகூலம் காணாமல் போய்விட்டது. அது போகட்டும், மஜ்ஜை ஈபிஓவுக்கு எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். யாருடைய மருத்துவர் அளவைச் சரியாகக் கணக்கிட்டார், காலையில் சோதனைக்கு ஆள் வந்தால் உப்புநீர் ஏற்றி ரத்தத்தை நீர்க்கச் செய்ய யாருக்கு ஆள்பலம் இருந்தது என்பதெல்லாம் இதற்கு மேல் வந்து சேரும். ஆகவே எல்லோரும் போட்ட பந்தயத்தில் ஜெயிப்பவர், எவருமே போடாத பந்தயத்தில் ஜெயித்திருக்கக்கூடியவராக இருக்க வேண்டியதில்லை. அது வேறு ஒரு பந்தயம். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் 1999 முதல் 2005 வரையிலான ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை 2012-இல் பறித்தபோது அவற்றை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்தடுத்து வந்தவர்களிலும் பலர் இதே சேற்றில் இருந்தார்கள் என்பது ஒருபுறம், யார்தான் நிஜமான முதல் ஆள் என்று கண்டுபிடிக்கவே வழியில்லாமல் போனது இன்னொருபுறம்.

"இயற்கையிலேயே அதிகமாக இருப்பது மட்டும் நியாயமா?" என்று கேட்கலாம், கேட்க வேண்டிய கேள்விதான். ஃபின்லாந்தின் ஈரோ மான்டிரான்டா 1964 இன்ஸ்ப்ருக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அவருடைய ரத்தத்தில் ஹீமோகுளோபின் அசாதாரணமாக அதிகம் இருந்ததால் பல ஆண்டுகள் மற்றவர்களின் சந்தேகத்துக்கு ஆளாகி வாழ்ந்தார். ஈபிஓவை ஏற்கும் புரதத்துக்கான மரபணுவில் அவருடைய குடும்பத்துக்கே ஒரு மாற்றம் இருப்பதை 1990-களில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் தெளிவானது. என் கருத்து, பிறவி அதிர்ஷ்டம் விளையாட்டின் ஒரு பகுதி. ஏழடி உயரமும் அப்படித்தான். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது ஓரளவு மனிதர்கள் பேசி வைத்துக்கொண்டதுதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: 2004 வரை காபியில் இருக்கும் காஃபீனுக்கே ஒரு வரம்பு இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள்.

சரி, இந்த மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா? ஈபிஓ விஷயத்தில் ஒரு சுவாரசியமான சிக்கல் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 48 நல்ல பயிற்சியுள்ள சைக்கிள் வீரர்களில் பாதிப் பேருக்கு ஈபிஓவும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசியும் எட்டு வாரம் போட்டு, கடைசியில் பிரான்ஸின் மோன் வான்டூ மலையில் பந்தயம் விட்டார்கள். 2017-இல் முடிவு வெளிவந்தது: இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. ஆய்வகத்தில் உச்ச சக்தி கொஞ்சம் கூடியது, மலையில் அது தெரியவில்லை. இவர்கள் தொழில்முறை வீரர்கள் இல்லை, மருந்தளவும் கட்டுக்குள் இருந்தது என்று விமர்சனம் வந்தது. நானும் இந்த ஒரு ஆய்வை வைத்து ஈபிஓ வீண் என்று சொல்லமாட்டேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 1996-இல் வெளிவந்த ஆய்வில் 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து 10 வாரம் பார்த்தார்கள். ஊசி போட்டுக்கொண்டு உடற்பயிற்சியே செய்யாமல் இருந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை 3 கிலோவுக்குமேல் கூடியது. ஊசி இல்லாமல் வாரம் மூன்று நாள் எடை தூக்கி வியர்வை சிந்தியவர்களுக்கு ஏறக்குறைய 2 கிலோதான். இரண்டையும் செய்தவர்களுக்கு 6 கிலோ. சும்மா உட்கார்ந்திருந்தவர் உழைத்தவரைத் தாண்டிப் போயிருக்கிறார்!

இன்னொன்றும் இருக்கிறது. தசைச் செல் பெரிதாகும்போது அதற்குள் உட்கருக்களின் எண்ணிக்கையும் கூடும். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்து நிறுத்தியபோது தசை பழைய அளவுக்குச் சுருங்கியது, கூடுதல் உட்கருக்களோ மூன்று மாதம் கழித்தும் அப்படியே இருந்தன. அந்த எலிகளின் தசைக்கு மறுபடி வேலை கொடுத்ததும் ஆறே நாளில் 30 சதவீதம் பெருத்தது, மருந்து பார்க்காத எலிகளுக்கு அப்படி நடக்கவில்லை. எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இரண்டு வருடத் தடை முடிந்து "சுத்தமாக" திரும்பும் ஓட்டக்காரரைப் பார்க்கும்போது எனக்கு இந்த எலிகள் ஞாபகம் வரும்.

பிடிப்பது எப்படி? ஆரம்பத்தில் மருந்தையே தேடினார்கள். ஆனால் சிறிய அளவாகப் பிரித்து இரவில் நரம்பில் ஏற்றிக்கொண்டால் சில மணி நேரத்தில் தடயம் மறைந்துவிடும். அதனால் 2008-இல் சைக்கிள் சங்கம் தொடங்கிய பயாலஜிகல் பாஸ்போர்ட் வேறு வழியில் போனது: மருந்தைத் தேடாதே, மருந்து உடம்பில் விட்டுப்போன விளைவைத் தேடு. ஒவ்வொரு வீரருக்கும் வருடக்கணக்கில் ரத்த மாதிரிகளை எடுத்து, அவரை அவரோடே ஒப்பிடுவார்கள். இதில் ரெட்டிகுலோசைட்டுகள் என்ற, மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்கள் முக்கியமான சாட்சி. ஈபிஓ போடும்போது புதிய ஆட்சேர்ப்பு எக்கச்சக்கமாக நடக்கும், இவை கூடும். நிறுத்தியதும், அல்லது முன்பே எடுத்து வைத்த சொந்த ரத்தத்தைத் திரும்ப ஏற்றியதும், ஆட்கள் அதிகம் என்று உடம்பு ஆட்சேர்ப்பை நிறுத்திவிடும், இவை சரசரவென்று குறையும். இதை ஒரே எண்ணாக்க ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற எண்ணிலிருந்து, ரெட்டிகுலோசைட் சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கிக் கழிப்பது. ஹீமோகுளோபின் 150, ரெட்டிகுலோசைட் 1 சதவீதம் என்றால் விடை 90. அதே ஆளுக்குப் பெரிய பந்தயத்தின்போது 165, 0.25 என்று வந்தால் விடை 135. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு அளவுமே பெரிதாக உறுத்தாது, சேர்த்துப் பார்த்தால் உறுத்தும். ஹீமோகுளோபின் ஏறியிருக்கிறது, மஜ்ஜையோ தூங்குகிறது, அப்படியென்றால் இந்த ரத்தம் எங்கிருந்து வந்தது?

இவ்வளவு இருந்தும் மாட்டுபவர்கள் கொஞ்சம்தான். 2011-இல் தென்கொரியாவின் டேகுவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் வீரர்களிடமே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. யாராவது ஒருவருடைய பிறந்தநாளை மனதில் நினைத்துக்கொள்ளச் சொல்லி, தேதியைப் பொறுத்துச் சிலர் ஒரு சாதாரணக் கேள்விக்கும் மற்றவர்கள் ஊக்கமருந்துக் கேள்விக்கும் பதில் தரும்படி அமைத்தார்கள். 'ஆம்' என்று அழுத்தியவர் எந்தக் கேள்விக்கு அழுத்தினார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் மொத்தத்தில் நிகழ்தகவைக் கழித்து எண்ணிக்கையை மதிப்பிடலாம். மதிப்பீடு, கடந்த ஒரு வருடத்தில் ஊக்கமருந்து எடுத்தவர்கள் சுமார் 44 சதவீதம். அங்கே பரிசோதனையில் மாட்டியவர்கள் 0.5 சதவீதம். முதல் எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதும் இடைவெளி பயங்கரமாகத்தான் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். அதே 2011-இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை கால்பந்தில் 208 மாதிரிகளில் 109-இல் கிளென்பியூட்டரால் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. பசங்க சாப்பிட்ட மாட்டிறைச்சியிலிருந்து வந்தது அது, கால்நடைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கக் கொடுத்த மருந்து. 'பாசிட்டிவ்' என்ற செய்தியைப் பார்த்ததும் ஆளைத் தூக்கில் போடும் ரசிகர்கள் இதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ரசிகர்கள் கவலைப்பட வேண்டுமா என்றால், என் பதில் ஆம். அதில் கோபத்தைவிடக் கணக்குதான் அதிகம். நாம் பார்க்க வந்தது யாருடைய உடம்பு மருந்தை நன்றாக ஏற்கிறது என்பதை இல்லை. அனுமதித்துவிட்டால் பிரச்சினை தீரும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அனுமதித்தால் வரம்பு மேலே போகுமே தவிர மறையாது, அந்த வரம்பைத் தொடத் தயாராக இல்லாத 17 வயதுக்காரர் பேசாமல் விலகிப்போவார், அவர் விலகியது நமக்குத் தெரியவே தெரியாது. கிழக்கு ஜெர்மனியில் 1970-களிலும் 80-களிலும் பயிற்சியாளர்கள் வைட்டமின் என்று சொல்லிச் சிறுமிகளுக்குக்கூடக் கொடுத்த நீல மாத்திரை ஓரல் டூரினபோல், ஒரு ஸ்டீராய்டு. குரல் உடைந்து, கல்லீரல் கெட்டு, வாழ்நாள் முழுக்க அதன் விளைவைச் சுமந்தவர்கள் இருக்கிறார்கள். பொறுப்பாளிகள் சிலருக்கு 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது, அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

அந்த டூரினபோல் அதோடு ஒழிந்துவிடவில்லை. உடம்பில் நீண்ட நாள் தங்கும் அதன் சிதைபொருள்களைக் கண்டறியும் முறை வந்த பிறகு, பாதுகாத்து வைத்திருந்த 2008, 2012 ஒலிம்பிக் மாதிரிகளை மறுபடி சோதித்தார்கள். பதக்கங்கள் கொத்துக்கொத்தாக உதிர்ந்தன. 2012 லண்டனில் ஆண்கள் 94 கிலோ பளுதூக்குதலில் மேலே இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தகுதியிழக்க, ஒன்பதாவதாக வந்த போலந்தின் தோமாஷ் ஜெலின்ஸ்கிக்கு வெண்கலம் போனது. அவரும் 2016 ரியோ ஒலிம்பிக்கின்போது நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டில் மாட்டி ஊருக்கு அனுப்பப்பட்டார்.