டெல்லி வீசிங்குக்கு மக்கள் மருந்தகம்: சீட்டில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

தீபாவளிக்கு முன்பே ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். அப்புறம் குளிர் போகும்வரை மூக்கடைப்பு, வீசிங், தொண்டைக் கரகரப்பு என்று ஏதாவது ஒன்று. இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, அலர்ஜி மாத்திரை மூன்றும் மாதாமாதம் வாங்குகிற வீட்டில் மருந்துச் செலவு மளிகைச் செலவோடு போட்டி போடும். இதே மருந்துகளைக் குறைந்த விலையில் விற்கத்தான் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்கள் இருக்கின்றன. டெல்லியில் போர்டில் 'ஜன் ஔஷதி கேந்திரா' என்று இருக்கும். ஆனாலும் போனவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். பெரும்பாலும் காரணம் டாக்டர் எழுதிய சீட்டு.

முதலில் திட்டம். 2008இல் மத்திய மருந்துத் துறை தொடங்கியது. இப்போதைய பெயர் பிரதமர் பாரதிய ஜன் ஔஷதி பரியோஜனா. பிராண்ட் பெயர் இல்லாத, மருந்தின் வேதிப் பெயரிலேயே விற்கும் ஜெனரிக் மருந்துகள் கிடைக்கும். ஒரு மருந்தில் அதிகம் விற்கும் மூன்று பிராண்டுகளின் சராசரி விலையை எடுத்து, அதில் பாதிக்கு மேல் போகாமல் விலை வைக்க வேண்டும் என்பது விதி. பல மருந்துகள் அதற்கும் கீழேதான். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, டெல்லி முகவரி எதுவும் வேண்டாம். சென்னையில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய 'முதல்வர் மருந்தகம்' தமிழக அரசின் தனித் திட்டம். 2025 பிப்ரவரியில் வந்தது. அதை டெல்லியில் தேட வேண்டாம்.

இனி சிக்கலுக்கு வருவோம். டாக்டர் சீட்டில் ஒரு கம்பெனியின் பிராண்ட் பெயரை மட்டும் எழுதியிருந்தால், அதே மருந்துதான் என்று தெரிந்தாலும் மருந்தாளுநர் வேறொன்றை மாற்றித் தரக் கூடாது. சீட்டு காட்டி வாங்க வேண்டிய எச் அட்டவணை மருந்துகளுக்கு மருந்து விதிகளின் 65ஆம் விதி அப்படித்தான் சொல்கிறது. ஜெனரிக் கடைகளை ஊரெல்லாம் திறந்துவிட்டு இந்த விதியையும் அப்படியே வைத்திருப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. சிலர் கண்டுகொள்ளாமல் மாற்றித் தருவார்கள், சிலர் கையை விரிப்பார்கள். கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. டாக்டர் அறையிலேயே கேட்டுவிடுங்கள். டெல்லியில் வேதிப் பெயருக்கு 'சால்ட்' என்பார்கள். "டாக்டர் சாப், சால்ட் கா நாம் பீ லிக் தீஜியே" (சால்ட் பெயரையும் எழுதிக் கொடுங்கள்) என்றால் போதும்; பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை.

எழுதி வாங்கிய பிறகு சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். பெயர் மட்டும் போதாது. உதாரணமாக வீசிங்குக்கான, பூடெசொனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த மருந்து என்றால் 100/6, 200/6, 400/6 என்று அளவு இருக்க வேண்டும். அழுத்திப் பீய்ச்சும் இன்ஹேலரா, கருவியில் போட்டு உறிஞ்சும் கேப்ஸ்யூலா, நெபுலைசரில் ஊற்றும் ரெஸ்ப்யூலா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். மூன்றும் வேறு வேறு. உறிஞ்சும் கேப்ஸ்யூல் பார்க்கச் சாதாரண மாத்திரைபோலவே இருப்பதால், அதைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிட்டு "ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்பவர்கள் உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி கையில் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். பழகிய கருவியை மாற்றுவதென்றால் அதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மக்கள் மருந்தகப் பட்டியலில் 2,000க்கு மேற்பட்ட மருந்துகள் இருந்தாலும் எல்லாக் கடையிலும் எல்லாமும் இருக்காது. மாத்திரைகள் எளிதாகக் கிடைக்கும். இன்ஹேலருக்குத்தான் அலைய வேண்டி வரும். ஜன் ஔஷதி சுகம் என்ற செயலியில் அருகிலுள்ள கடையையும் மருந்தின் விலையையும் பார்க்கலாம். கிளம்பும் முன் கடைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். பிராண்ட் மருந்தேதான் வேண்டும் என்றால், எய்ம்ஸ் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'அம்ரித்' என்ற மருந்துக் கடைகளில் தள்ளுபடி உண்டு.

சாதாரண மெடிக்கலில் வாங்கினாலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு வைக்கிறது. சால்பியூட்டமால் இன்ஹேலர், பூடெசொனைடு மூக்கு ஸ்ப்ரே, காதுக்கான சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு எல்லாம் அதில் உண்டு. அலர்ஜிக்கும் வீசிங்குக்கும் எழுதும் மான்டெலுகாஸ்ட் 2022இல் சேர்ந்தது. ஆனால் அதைத் தனியாக எழுதுவது குறைவு. லெவோசெட்ரிசின் என்ற அலர்ஜி மருந்தோடு சேர்ந்த மாத்திரையைத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கூட்டு மருந்து பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவற்றுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வரை விலை ஏற்றலாம். உச்சவரம்பும் அசையாததல்ல: 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளுக்கு அதை 50 சதவீதம் உயர்த்தினார்கள். சால்பியூட்டமால் மாத்திரையும் நெபுலைசர் கரைசலும் அதில் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பில்லில் அதைச் சரிபாருங்கள். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் ஆணையத்திடம் புகார் செய்யலாம், பில் கையில் இருந்தால்.

70 வயது நிரம்பியவர்களுக்கு ஆயுஷ்மான் வய வந்தனா என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, அதில் இன்ஹேலர் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. அது மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு. அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 3 நாள், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்துச் செலவு அதில் சேரும். மாதாந்திர மருந்து சேராது. மத்திய அரசு வேலையில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் சிஜிஎச்எஸ் (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) அட்டை இருந்தால் தங்கள் டிஸ்பென்சரியிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று குழந்தைகளுக்கு சளி சிரப் வாங்கி அடுக்காதீர்கள். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்பது உத்தரவு. மூக்கடைப்புக்கான சைலோமெட்டசொலின் சொட்டைத் தொடர்ந்து சில நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பே அதிகமாகும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்தக் கடைக்கும் போக வேண்டாம். அருகிலுள்ள அரசு மையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் என்று தெரிந்தால் மாத்திரை முழுவதும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது. பதிவு செய்யும்போது வங்கிக் கணக்கு எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.