ஜூடோவில் காலை வாரும் கணம்

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் மகள் 45 கிலோதான். ஜூடோ பயிற்சியில் 65 கிலோ பையனைக் காலால் தட்டியே சாய்க்கிறாள். எப்படி?"

அந்த வீச்சின் பெயர் டே-ஆஷி-பராய். எதிராளி முன்னே எடுத்து வைக்கும் காலை வாரிவிடுவது. 1882-ல் ஜிகோரோ கானோ டோக்கியோவில் தொடங்கிய கோடோகான் என்ற ஜூடோ பள்ளியின் 40 வீச்சுப் பட்டியலில் முதலாவது இதுதான்.

ஈர்ப்பு மையம், உராய்வு எல்லாம் பள்ளியில் படித்தவைதான். பாதத்தின் மேல் எவ்வளவு பாரமோ, அதற்கேற்ற உராய்வு. அந்தப் பையனின் முழு எடையும் ஒரு காலில் இருந்தால், உராய்வுக் குணகம் 0.5 என்று வைத்துக்கொண்டாலும், பாதத்தை நகர்த்த சுமார் 320 நியூட்டன் வேண்டும். பத்தில் ஒரு பங்கு எடை மட்டும் இறங்கியிருக்கும்போது 32 நியூட்டன் போதும். 3 கிலோவைத் தூக்கும் விசை.

அப்படியானால் கால் அந்தரத்தில் இருக்கும்போதே தட்டினால் இன்னும் சுலபம்தானே? இல்லை. அப்போது உடம்பு பின்னங்காலில் பத்திரமாக நிற்கிறது. தட்டப்பட்ட காலை வேறிடத்தில் வைத்துக்கொள்வான். பாரம் முழுக்க இறங்கியபின் தட்டினால் கம்பத்தை உதைத்தது போலத்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் உண்டு: உடம்பு பின்னங்காலை விட்டுப் புறப்பட்டுவிட்டது, முன்னங்கால் இன்னும் ஏந்திக்கொள்ளவில்லை. சாதாரண நடையில் அது சுமார் 0.1 வினாடி. ஐப்பசி மழையில் வரப்பில் வழுக்கி விழுவதும் இதே கணத்தில்தான்: குதிகால் ஊன்றும்போது முன்னோக்கிச் சறுக்கும், உடம்பு பின்னால் தங்கும். அதனால்தான் வாருகிறவர் பாதத்தைத் தடுப்பதில்லை. அது போகும் திசையிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுகிறார்.

கண்ணால் பார்த்துக் கால் அசைய ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். அதற்குள் வாய்ப்பு போய்விடும். ஆகவே எதிராளியின் சட்டைக் கையையும் கழுத்துப் பட்டியையும் பிடித்திருக்கும் கைகள்தான் முதலில் உணர வேண்டும். இழுத்து அடியெடுக்க வைத்தவருக்கு, அந்த அடி எப்போது விழும் என்பது முன்கூட்டியே தெரியும். பார்வையற்றோர் ஜூடோ 1988 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அங்கே பிடியைப் பிடித்தபடியேதான் ஆட்டம் தொடங்கும். கைகள்தான் உணர்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தொடாமலே ஆளைச் சாய்க்கும் 'உள்சக்தி' என்று யாராவது காசு கேட்டால் பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள்.

செய்முறை: உள்ளங்கால் உள்நோக்கித் திரும்ப, சுண்டுவிரல் ஓரம் விரிப்பை உரசிக்கொண்டே போக வேண்டும். வெளிக் கணுக்கால் எலும்புக்குச் சற்றுக் கீழே உள்ளங்கால் படியட்டும். முழங்கால் மடங்கினால் வீச்சு உதையாகி, பெருவிரலும் கணைக்கால் எலும்பும் அடிபடும். சட்டைக் கையைப் பிடித்த கை அதே நொடியில் கீழே இழுக்க வேண்டும்; கை சும்மா இருந்தால் எதிராளி தள்ளாடுவான், விழமாட்டான். குனிந்து காலைப் பார்ப்பது பெரும்பாலோர் செய்யும் தவறு. நோக்கமும் தெரிந்துவிடும், சொந்த நிலையும் குலையும்.

2013-லிருந்து சர்வதேசப் போட்டிகளில் கையால் காலைப் பிடிப்பதற்கு முழுத் தடை. கால் வீச்சு தெரியாதவர் 4 நிமிட ஆட்டத்தில் திண்டாடுவார்.

விழுவதற்கும் கணக்கு உண்டு. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடம்பு வினாடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 1 செ.மீ.க்குள் நின்றால் புவியீர்ப்பைப் போல 100 மடங்கு அதிர்வு, 4 செ.மீ.க்குள் என்றால் 25 மடங்கு. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முன்கை முழுவதும் விரிப்பில் பட அறைய வேண்டும். உள்ளங்கையை மட்டும் ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ உடையும்.

இதனால்தான் சிமெண்ட் தரையில் ஜமுக்காளம் விரித்துச் சொல்லிக்கொடுப்பதை ஏற்கவே முடியாது. ஜப்பானின் பழைய தத்தாமி விரிப்புக்கு உள்ளீடு அழுத்திய நெல் வைக்கோல். அறுவடைக்கு அறுவடை வைக்கோல் குவியும் டெல்டாவில், ஈரத்தில் பூஞ்சை பிடிக்காத வைக்கோல் விரிப்புக்கு ஒரு பொறியியல் கல்லூரியாவது ஆய்வு நிதி ஒதுக்கலாம். அதுவரை 4 செ.மீ. ஃபோம் விரிப்பு வாங்குங்கள், ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் கிருமிநாசினியால் துடைத்துக் காய விடுங்கள். வியர்வை ஈரம் தங்கினால் பிள்ளைகளுக்குப் படர்தாமரை வரும்.