பட்டரின் எடை எங்கே இருக்கிறது?

2024 தொடக்கத்தில் ஸ்காட்டி ஷெஃப்லர்தான் உலகின் முதல்நிலை கோல்ஃப் வீரர். தூரத்திலிருந்து பந்தைக் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, அனுப்புவதில் அவரை நெருங்க ஆளில்லை. கிரீனுக்குள் வந்த பிறகுதான் தொல்லை. அங்கே பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டைதான் பட்டர், அப்படி உருட்டுவது பட்டிங். பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் முந்தைய ஆண்டுப் பட்டிங் பட்டியலில் அவர் பெயரைத் தேட 150-ஆவது இடத்துக்கும் கீழே போக வேண்டியிருந்தது. பிப்ரவரியில் ரோரி மெக்கில்ராய் தொலைக்காட்சி வர்ணனையாளர்களோடு பேசும்போது, ஷெஃப்லர் ஒரு மேலட் பட்டரை எடுத்துப் பார்க்கலாமே என்றார். மார்ச்சில் ஆர்னால்ட் பால்மர் போட்டிக்கு ஷெஃப்லர் மெல்லிய பிளேடு பட்டரை விட்டுவிட்டு, டெய்லர்மேட் ஸ்பைடர் என்ற அகன்ற தலை மேலட்டோடு வந்தார். ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். மறுவாரம் பிளேயர்ஸ் போட்டியையும் ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டியையும் வென்றார்.

கடைக்காரருக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஆனால் 2023 செப்டம்பர் வாக்கிலேயே அவர் ஃபில் கென்யன் என்ற பட்டிங் பயிற்சியாளரிடம் சேர்ந்துவிட்டார் என்பதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். மட்டையா, பயிற்சியா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். ஆனால் ஒரு பட்டரால் எது முடியும், எது முடியாது என்பதைப் பிளஸ் டூ இயற்பியலை வைத்தே பெருமளவு கணக்குப் போட்டுவிடலாம். போட்டுப் பார்த்தால், விலையைக் கூட்டும் அம்சங்கள் ஒரு பக்கமும், பந்தைக் குழியில் போடும் அம்சங்கள் இன்னொரு பக்கமும் நிற்கின்றன.

முதலில் குழியைப் பார்ப்போம். விட்டம் 108 மி.மீ. பந்தின் விட்டம் கிட்டத்தட்ட 43 மி.மீ. மூன்று மீட்டர் தள்ளி நின்று தட்டுகிறீர்கள், தரை சமதளம் என்று வைத்துக்கொள்வோம். பந்தின் மையம் குழியின் மையத்திலிருந்து 54 மி.மீ.க்கு மேல் விலகினால் விழாது. கோணமாகச் சொன்னால் இந்தப் பக்கம் ஒரு டிகிரி, அந்தப் பக்கம் ஒரு டிகிரி. அதுவும் பந்து செத்துப்போன வேகத்தில் வந்து சேர்ந்தால்தான். வேகம் கூடக் கூடக் குழி சுருங்குகிறது. பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலாளர் 1991-இல் போட்ட கணக்குப்படி, வினாடிக்கு 1.63 மீட்டருக்கு மேல் வேகமாக வரும் பந்து நட்டநடுவில் வந்தாலும் குழியைத் தாண்டிப் போய்விடும். பிஜிஏ டூர் வீரர்களே எட்டு அடியிலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை.

அந்த ஒரு டிகிரியை முடிவு செய்வது எது? மட்டை எந்தப் பாதையில் வீசப்படுகிறது என்பதைத்தான் பலரும் கவனிக்கிறார்கள். ஆனால் பந்து கிளம்பும் திசையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தீர்மானிப்பது, மோதும் கணத்தில் பட்டரின் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, எங்கே பார்க்கிறது என்பதுதான். பாதை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் முகம் நேராக இருந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். முகம் இரண்டு டிகிரி திரும்பியிருந்தால் மூன்று மீட்டரில் தப்பவே முடியாது.

முகத்தைத் தவறாக வைப்பது பெரும்பாலும் கையின் பிழையல்ல, கண்ணின் பிழை. இதைப் பரிசோதிக்க எளிய வழி இருக்கிறது, பட்டர் அளவெடுத்துக் கொடுக்கும் இடங்களில் செய்வார்கள். பட்டர் முகத்தில் ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு, குழி இருக்கும் இடத்திலிருந்து லேசர் கதிரை அதன்மீது விழச் செய்வார்கள். நீங்கள் வழக்கம்போல் குறிபார்த்து நின்ற பிறகு பந்தை மெதுவாக எடுத்துவிடுவார்கள். முகம் சரியாக இருந்தால் ஒளிப்புள்ளி புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். கண்ணாடி ஒரு டிகிரி திரும்பினால் எதிரொளி இரண்டு டிகிரி திரும்பும் என்பது பள்ளிப் பாடம். ஆக மூன்று மீட்டரில் ஒரு டிகிரிப் பிழை பத்து சென்டிமீட்டருக்கு மேலான விலகலாகச் சுவரில் தெரியும். நேராகத்தான் நிற்கிறேன் என்று சத்தியம் செய்யும் ஆளுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி நல்ல பதில்.

சுவாரசியம் இதற்கு அடுத்தது. அதே ஆளிடம் வேறு வடிவத் தலை கொண்ட பட்டரைக் கொடுத்தால் புள்ளி நகர்ந்துவிடும். தலையின் பின்புறம் வளைவா சதுரமா, மேலே ஒரு கோடா இரண்டா, தண்டு தலையோடு சேரும் கழுத்து எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பதெல்லாம் கண்ணை ஒரு பக்கம் இழுக்கின்றன. யாரை எந்தப் பக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே நண்பருக்கு ராசியான பட்டர் உங்களுக்கும் ராசியாகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன்.

இனி எடைக்கு வருவோம். கார்ஸ்டன் சோல்ஹைம் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளர். நாற்பது வயதைத் தாண்டித்தான் கோல்ஃப் பக்கமே வந்தார். பட்டிங் அவருக்குக் கைகொடுக்கவில்லை. அதற்கு அவர் தன்னைக் குறை சொல்லவில்லை, மட்டையைக் குறை சொன்னார். பொறியாளர் புத்தி! 1959-இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் தன் வீட்டு கராஜில் முதல் பட்டரைச் செய்தார். பந்து பட்டால் எழும் ஓசையே அதற்குப் பெயராகி, 'பிங்' என்ற நிறுவனமும் பிறந்தது. 1966-இல் வந்த அவருடைய ஆன்சர் பட்டரின் வடிவத்தை இன்றும் பல நிறுவனங்கள் நகலெடுக்கின்றன. டைகர் உட்ஸ் தன் 15 மேஜர் பட்டங்களில் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் வென்றவை) 14-ஐ வென்ற நியூபோர்ட் 2 பட்டரும் அந்தக் குடும்பம்தான்.

சோல்ஹைம் செய்தது இதுதான்: தலையின் நடுவில் இருந்த உலோகத்தைக் குறைத்து, நுனிக்கும் தண்டுப் பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மொத்த எடை ஏறத்தாழ அதேதான், ஆனால் தலையைத் திருப்புவது கடினமாகிவிடும். இரண்டு முனையிலும் குடம் தொங்கும் காவடியோடு குறுகிய சந்தில் திரும்பிப் பாருங்கள், அதே தண்ணீரைத் தலையில் சுமப்பதோடு ஒப்பிட்டால் தெரியும். நம் பாடநூல்கள் இதை நிலைமத் திருப்புத்திறன் என்கின்றன. எடையை, அது மையத்திலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். மையத்திலிருந்து இருபுறமும் 4 செ.மீ. தள்ளி 100 கிராம் துண்டு ஒவ்வொன்று வைத்தால் திருப்புத்திறன் 3,200 கிராம்-செ.மீ.². அதையே 6 செ.மீ.க்குத் தள்ளினால் 7,200. ஒரு கிராம் கூட ஏற்றாமல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்துவிட்டது. மேலட் தலைகள் அகலமாக, சிலந்திபோலக் கால் பரப்பி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதனால் ஆட்டக்காரருக்கு என்ன லாபம்? 350 கிராம் எடையுள்ள தலையின் நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் பந்தைத் தட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். திருப்புத்திறன் 4,000 என்றால் பந்தின் வேகம் இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறையும். உருளும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் தூரத்தில் நாலரை சதவீதம் போய்விடும். பத்து மீட்டர் தட்டில் அது 45 செ.மீ. திருப்புத்திறனை 8,000 ஆக்கினால் இழப்பு ஏறக்குறைய பாதியாகி 22 செ.மீ.க்கு வந்துவிடும். சுலபமாக முடிய வேண்டிய இரண்டாம் தட்டு வயிற்றைக் கலக்கும் தட்டாக மாறாமல் இருக்க இந்த வித்தியாசம் உதவும்.

ஆனால் திசை? மேலட் முறுக்காமல் நேராகப் போகும் என்றுதான் விற்கிறார்கள். பந்தும் முகமும் ஒட்டியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் 4,000 உள்ள தலை திரும்பக்கூடிய கோணம் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கையில் உணரும் அந்த முறுக்கலின் பெரும்பகுதி பந்து போன பிறகு நடப்பது. ஆக அகன்ற தலை காப்பாற்றுவது நீண்ட தட்டின் தூரத்தை. மூன்று மீட்டர் தட்டுக்கு அது தரும் நேரடி உதவி சொற்பம். ஷெஃப்லருக்கு மேலட் கைகொடுத்ததில் அதன் எடையைவிட அதன் தோற்றத்துக்கு, அதாவது குறிபார்க்கும்போது கண்ணுக்குக் கிடைத்த தெளிவுக்கு, அதிகப் பங்கு இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

எடை எங்கே இருக்கிறது என்பதில் இன்னொரு விஷயமும் உண்டு. பட்டரின் தண்டை ஒரு விரல்மேல் கிடைமட்டமாக வைத்துப் பாருங்கள். சிலவற்றின் முகம் வானத்தைப் பார்க்கும், சிலவற்றின் நுனி கீழே தொங்கும். தொங்குகிறது என்றால் தலையின் ஈர்ப்பு மையம் தண்டின் அச்சுக்கு வெளியே இருக்கிறது. வீசும்போது அந்த விலகல் முகத்தைத் திருப்பப் பார்க்கும், கை அதை அடக்கியாக வேண்டும். வளைவாக வீசுபவருக்குத் தொங்கும் தலை, நேராக வீசுபவருக்கு வானம் பார்க்கும் தலை என்று கடைகளில் ஒரு சூத்திரம் சொல்வார்கள். அதை அப்படியே நம்பி வாங்க வேண்டியதில்லை, இரண்டையும் கையில் எடுத்துப் பார்ப்பதே நல்லது. இந்த முறுக்கையே இல்லாமல் செய்கிறோம் என்று வந்தவை 'ஜீரோ டார்க்' பட்டர்கள். 2025 யுஎஸ் ஓப்பனில் ஜே.ஜே. ஸ்பான், ஓக்மாண்டின் கடைசிக் கிரீனில் 64 அடியிலிருந்து பந்தைப் போட்டு வென்றது அந்த வகையான, எல்.ஏ.பி. நிறுவனத்தின் பட்டரால்தான். அதன்பிறகு அந்த வகைக்குக் கிராக்கிதான்!

பட்டரின் முகம் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உருட்டத்தானே போகிறோம்? புல்லில் பந்து தன் எடையால் லேசாக அமுங்கிக் கிடக்கிறது. முகத்தில் மூன்று நான்கு டிகிரி சாய்வு இருந்தால்தான் அந்தப் பள்ளத்திலிருந்து அது வெளியே வரும். விதி 10 டிகிரி வரை அனுமதிக்கிறது. வெளியே வந்த பந்து உடனே உருளாது, முதலில் வழுக்கும். சுழற்சியே இல்லாமல் கிளம்பும் பந்து, புறப்பட்ட வேகத்தில் ஏழில் ஐந்து பங்காகக் குறையும்போதுதான் முழுமையாக உருளத் தொடங்கும். புல் எப்படிப்பட்டதானாலும் இந்த 5/7 மாறாது, அதை எட்டும் தூரம்தான் மாறும். கிரீனின் வேகத்துக்கேற்பச் சாய்வு வேண்டும். வெப்பமண்டல மைதானங்களில் கிரீனுக்குப் போடும் பெர்முடா புல் வேறெதுவுமல்ல, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். அதை ஒட்ட வெட்டாமல் விட்டால் பந்து அதிகம் அமுங்கும், அங்கே கொஞ்சம் கூடுதல் சாய்வு நல்லது.

முகத்தில் பதிக்கும் மென்மையான பிளாஸ்டிக், நெளிநெளியான பள்ளங்கள் இவற்றைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கைக்கு வரும் உணர்வு மூளையை எட்டுவதற்குள் பந்து கிளம்பிவிடுகிறது. 'சாஃப்ட்டாக இருக்கிறது' என்று நாம் சொல்வதில் காது கேட்டதும் கலந்திருக்கிறது. ஓசை பிடித்திருந்தால் வாங்கலாம், அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது உங்கள் விருப்பம்.

கடையில் இருபது பந்து தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உங்கள் வெற்றி விகிதம் பாதிக்குப் பாதி என்றால், எதையுமே மாற்றாமல் இருபதில் ஒருமுறை எட்டும் இன்னொருமுறை பன்னிரண்டும் விழுவது வெகு சாதாரணம். புதிய பட்டர் பழையதைவிட ஐந்து சதவீதம் மேல் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல, ஒவ்வொன்றாலும் 800 பந்தாவது தட்டியாக வேண்டும். யாருக்கு முடியும்? அதனால் விழுந்ததா இல்லையா என்று எண்ணாமல், அளக்கக்கூடியதை அளப்பது புத்திசாலித்தனம். பட்டர் முகத்தில், பாதத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டுத் தட்டினால் பந்து பட்ட இடம் தெரியும். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிகின்றனவா, நுனிப்பக்கம் சிதறுகின்றனவா என்று பத்துப் பந்திலேயே சொல்லிவிடலாம். பத்து மீட்டர் தட்டுகளில் பந்துகள் நிற்கும் இடத்துக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தால், ஒவ்வொரு பந்தும் ஆம் இல்லை என்பதைவிடக் கூடுதல் தகவல் தரும்.

தடம் எப்போதும் நுனியிலேயே விழுந்தால் பட்டர் உங்கள் உயரத்துக்குப் பொருந்தாமல் இருக்கலாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 33 முதல் 35 அங்குலம். பட்டறையில் அரை அங்குலம் வெட்டித்தர அதிகம் கேட்க மாட்டார்கள். வெட்டியதும் தலை இலேசாகத் தோன்றும், அடியில் சில கிராம் ஈயப் பட்டை ஒட்டிச் சரிசெய்யலாம். பழைய பட்டரை வைத்தே இதைச் செய்து பார்த்துவிட்டு, கண்ணாடிச் சோதனையில் புள்ளி அப்போதும் விலகினால் கடைக்குப் போகலாம்.