போரைத் துண்டு துண்டாகப் பார்க்கும் பிள்ளைகள்

2025 மே மாதம், முழுப்பரீட்சை லீவு. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஆயா (பாட்டி) வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் கையில் செல்போன். மே 7 முதல் 10 வரை இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டன. அடுத்து வந்த வாரங்களில், குழந்தைகள் உளவியல் ஆலோசகரான என்னிடம் வந்த பிள்ளைகள் சிலரிடம் புதுசாக ஒரு தொந்தரவு தெரிந்தது. சண்டை நடந்த எல்லை இங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். வயிற்றுவலி மட்டும் இங்கே.

ஒரு பையனுக்கு எட்டு வயது (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பொழுது சாய்ந்தால் வயிறு வலிக்கிறது என்பான். மொட்டை மாடியில் படுக்க வரமாட்டான். ஆயா ஓமத்தண்ணி கொடுத்துப் பார்த்திருக்கிறார், ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. படம் வரையச் சொன்னேன். கீழே ஒரு வீடு, மேலே ஒரே மாதிரி வரிசையாக விமானங்கள்.

"இத்தனை ப்ளேன் எங்கே பார்த்தே தம்பி?"

"ஒரே ப்ளேன்தான் மிஸ். தெனமும் வருது."

அவன் பார்த்தது ஒரே வீடியோ. வெவ்வேறு பாட்டோடு, வெவ்வேறு ஆள் குரலோடு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது மறுஒளிபரப்பு என்று தெரியும். சின்னப் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் புதுத் தாக்குதல். 2001இல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்ததைத் தொலைக்காட்சியில் ஓயாமல் காட்டியபோதும் இதுதான் நடந்தது. ஒவ்வொரு முறை காட்டும்போதும் வேறொரு கட்டடம் விழுவதாகவே பல சிறுவர்கள் எண்ணிக்கொண்டார்கள்.

பெரியவர்கள் தப்பித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2013இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபின் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட, அடுத்த வாரம் முழுக்க தினம் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களுக்கு மனஅழுத்த அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. முகப்பில் டிவியைப் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்னும் ஐயாக்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். படத்தைவிடச் சத்தம் பொல்லாதது. விவாத நிகழ்ச்சிக்குப் பின்னணியாகச் சில சேனல்கள் விமானத் தாக்குதல் சைரனை ஒலிக்கவிட, அது வேண்டாமென்று மே 10 அன்று மத்திய அரசே அறிவுறுத்த வேண்டி வந்தது. அடுப்படியில் வேலை செய்பவருக்கு டிவி தெரியாது, சைரன் கேட்கும். பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் கேட்கும்.

இப்படிச் சுற்றும் வீடியோக்களில் பல, போரே இல்லை. 'ஆர்மா 3' என்றொரு கம்ப்யூட்டர் விளையாட்டின் காட்சிகளை நிஜப் போர் என்று பரப்புகிறார்கள் என அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022 நவம்பரில் விளக்கம் கொடுத்தது. அதன் பிறகும் ஓயவில்லை. கொஞ்சம் வளர்ந்த பசங்களிடம் "இதை யார் எடுத்தது? எங்கே நின்று எடுத்தார்? கை ஆடவே இல்லையே, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். தினம் பப்ஜி விளையாடுகிற பையன் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பான். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் எதிரிலேயே வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டு, "மிஸ், இது பழசு" என்று காட்டினான். அந்த வயதில் பயம் குறைவதற்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை.

விளையாட்டைத் தடை செய்துவிடலாமா என்று ஆத்தாமார்கள் கேட்கிறார்கள். என் கவலை துப்பாக்கியைப் பற்றியது அல்ல. நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளித் துப்பாக்கி சுட்டவர்கள்தான். செத்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்துவிடுகிறான், காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போக ஆள் தேவைப்படுவதில்லை, குண்டு விழுந்த வீட்டில் மறுநாள் யார் சமைத்தார்கள் என்ற கேள்வியே எழுவதில்லை. பெரும்பாலான சினிமாவும் அப்படித்தான். வெடிப்பைக் காட்டிவிட்டு, பாட்டைப் போட்டு முடித்துவிடும். ரீல்ஸில் அந்த முடிவும் கிடையாது. பிள்ளையைப் படுத்துவது இந்த முன்னும் பின்னும் இல்லாத துண்டுதான்.

செட்டிநாட்டு வீடுகளிலோ முன்னும் பின்னும் உள்ள போர்க்கதை ஏராளம். இந்த ஊர்க்காரர்கள் பிழைக்கப் போயிருந்த பர்மாவில், 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது, 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும், தமு, இம்பால் வழியாகவும் நடந்தே வந்தார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் போனவர்கள் ஏராளம். அந்த எட்டு வயதுப் பையனின் ஆயாவிடம், "உங்க வீட்டுல பர்மாவுக்குப் போன யாராச்சும் உண்டா ஆச்சி?" என்று கேட்டேன்.

"எங்க அப்பச்சி நடந்தே வந்தாகளே! வந்த பெறகு எலையில ஒரு பருக்கை மிஞ்ச விடமாட்டாக."

அப்பா நடந்து வந்த அந்தக் கதையை ராத்திரி வளவு முற்றத்தில் உட்கார்ந்து பேரனுக்குச் சொல்லச் சொன்னேன். "பயந்துருவானே" என்று தயங்கினார். குண்டு விழுந்ததை ஒரு வரியில் முடித்துவிட்டு, நடந்த கதையை நீட்டச் சொன்னேன். பையன் குண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். செருப்பு இருந்துச்சா, ராத்திரி எங்கே படுத்தாக, கண்டனூருக்கு வந்து சேர்ந்ததும் முதல்ல என்ன சாப்பிட்டாக என்றே கேட்டிருக்கிறான். வயிற்றுவலி ஒரே நாளில் போய்விடவில்லை. போனில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்தினோம், சாயங்காலம் டிவியை அணைத்தோம். மெல்ல மாடிக்குப் படுக்கப் போனான்.

வீட்டில் இப்படிக் கதை இல்லாதவர்களுக்குப் பிரான்மலை இருக்கிறது. திருப்பத்தூர் தாண்டிப் போனால் பாரியின் பறம்பு. தந்தையையும் குன்றையும் இழந்த அவன் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஐந்தே வரி. போன மாத நிலவில் அப்பா இருந்தார், இந்த மாத நிலவில் இல்லை. அதில் வாளும் இல்லை, ரத்தமும் இல்லை. எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள எந்தப் பிள்ளைக்கும் போர் என்றால் என்ன என்று இதைக்கொண்டு சொல்லிவிடலாம்.

பள்ளி ஆண்டுவிழாக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. நம் சிவகங்கைச் சீமையில் குயிலி வேடம் போடாத விழா குறைவு. உடம்பில் எண்ணெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வெள்ளையரின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தவள் என்று வழங்கும் கதை அது. அதை யு.கே.ஜி. குழந்தை மேடையில் நடிக்க, ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம், கைத்தட்டல். அந்த வயதில் 'தீக்குள் ஓடினால் எல்லாரும் கைதட்டுவார்கள்' என்பதுதான் மனதில் நிற்கும். அந்தக் காட்சியைப் பெரிய வகுப்புக்கு மாற்றுங்கள். சின்னதுகளுக்கு வேலுநாச்சியார் குதிரையில் ஊர் திரும்புவது போதும். ஆசிரியர்கள் சிலர் முகம் சுளித்தார்கள், வீரத்தைக் குறைக்கிறேனாம். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

ஏழு வயதுக்குக் கீழே போர்க் காட்சிகளே வேண்டாம். கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள், "நீ பத்திரமா இருக்கே" என்பது அதில் ஒன்றாக இருக்கட்டும். அதற்கு மேலுள்ள பிள்ளைகள் பார்த்தால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கினாலோ, தனியே கழிப்பறைக்குக்கூடப் போக மறுத்தாலோ, ஒரே வெடிப்பு விளையாட்டை விடாமல் ஆடினாலோ, இரண்டு மூன்று வாரத்தில் அது தணியாவிட்டால் ஆலோசகரிடம் கூட்டி வாருங்கள். வர முடியாதவர்கள் 14416க்குப் போன் போடலாம். அது மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் இலவச எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.